கயிறு பிடித்த கை

முதல் புகார் மதுரையிலிருந்து வந்தது. எழுதியவர் நகரப் பேருந்து நடத்துநர். விபத்தில் சிதைந்த வலது முன்கையில் புதுத் தசை வைத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் அது தன் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுதியிருந்தார்.

தசையை வளர்த்துக் கொடுத்த இடத்தில் புகார்களைக் கவனிக்கும் செண்பகவல்லி அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், நேத்து அந்த நேரத்துல ஒரு அம்மா கூடையை வாங்கி உள்ள வச்சேன். கை கூடையை விடல. அந்தம்மா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, பஸ்ஸே சிரிக்குது. கத்தரிக்காய்க்கு இப்படி ஆசைப்படுற கண்டக்டரை இப்பத்தான் பாக்குறேன்னு டிரைவர் வேற."

"சரியா எத்தனை மணிக்கு வருது?"

"பத்து நாப்பத்தேழுக்கு ரெண்டு சின்னத் துடிப்பு வரும். நாங்க ரெண்டு விசில் குடுத்தா வண்டி எடுக்கணும்னு அர்த்தம். இங்க ரெண்டு விசில் கேக்குது, வண்டி எடுக்க மாட்டேங்குது. நாலு நிமிசம் கழிச்சு எடுக்குது பாருங்க, அப்ப ஊரையே இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு இழுப்பு."

இரண்டாவது புகார் விருதுநகரில் பரோட்டா போடும் ஒருவருடையது. அதே கை, அதே நேரம். மூன்றாவது தூத்துக்குடியிலிருந்து, ஒரே வரியில் வந்தது. 'என் கையில் இருப்பது யாருடைய கை?' என்று மட்டும் எழுதி, கீழே பிரகாசி என்று கையெழுத்திட்டிருந்தது.

மூவருக்கும் தசை போனது கோவில்பட்டிக்கு வெளியே, பழைய தீப்பெட்டிக் கிடங்கில் நடக்கும் 'உயிர்நார்' வளர்ப்பகத்திலிருந்து. அங்கே வேலை செய்பவர்கள் அதை நாற்றங்கால் என்றே சொல்வார்கள். நோயாளியின் தொடையிலிருந்து ஒரு கடுகளவு சதையை எடுத்து, அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, இரண்டு சிறு தூண்களுக்கு நடுவே வளர்ப்பார்கள். மூன்றாம் வாரத்தில் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய இளஞ்சிவப்பு நூல் போலத் தசைநார் தெரியும். அதற்குப் பிறகுதான் சிரமம். முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் சேரும். தசையை அசையாமல் வைத்தால் கரைந்துவிடும். சுருங்கச் சொல்லி யாராவது ஏவிக்கொண்டே இருந்தால்தான் அது தசையாக இருக்கும்.

முதலில் இயந்திரத்தால் ஏவினார்கள். நொடிக்கு ஒரு மின் துடிப்பு. தசை வளர்ந்தது, ஆனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டையைப் பிடிக்கச் சொன்னால் உடைத்தது. குடத்தைப் பிடிக்கச் சொன்னால் நழுவவிட்டது. பிறகுதான் உழைக்கிற மனிதர்களின் கையில் ஒரு பட்டையை மாட்டி, வேலையின்போது அவர்கள் நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளைகளைப் பதிவு செய்து, அந்தப் பதிவை நாற்றங்காலில் ஓட்டும் வழக்கம் வந்தது. தினமும் பதிவான அதே நேரத்தில் அதே ஓட்டம், தொண்ணூறு நாள். தசைக்கும் தனக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அது நேரத்தோடு சேர்த்தே கற்றுக்கொண்டது.

மூன்று புகார்க்காரர்களுக்கும் ஓட்டிய பதிவு ஒன்றுதான்: தூ-17. பெயர் மறைத்து வைக்கப்பட்ட ஒருவரின் ஒரு நாள். அதைத் தேர்ந்தெடுத்தது மென்பொருள். அந்த ஒரு நாளைக் கேட்டு வளர்ந்த தசைகள் மற்றவற்றைவிடத் தடிமனாக, உறுதியாக வந்தன. அறுபத்தொரு பேருக்குக் கொடுத்தாயிற்று. ஏன் அந்த நாள் அவ்வளவு நல்ல தசையைக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

*

பிரகாசியின் வீடு திரேஸ்புரத்தில் கடலுக்கு மூன்றாவது தெரு. செண்பகவல்லி போனபோது மணி பத்தரை. முன் அறையில் ஓர் இளம்பெண் தையல் எந்திரத்தில் குனிந்திருந்தாள். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஒருவரின் படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை.

"வாங்க, உக்காருங்க. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிய. எளா ஜெசிந்தா, அந்த டம்ளரத் தள்ளி வை."

மடக்கு மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை மகள் எடுத்தாள். அதன் வயிறு நான்கு விரல் அச்சோடு உள்ளே போயிருந்தது.

"முந்தாநாள் செஞ்சது" என்றாள் பிரகாசி. "ஐஸ் கம்பெனி மெஷின்ல கை போறதுக்கு முந்திகூட எனக்கு இம்புட்டுப் பலம் இருந்ததில்ல."

வயது நாற்பத்தைந்து இருக்கும். எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டு விலகாத கண்கள். வலது கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி மேசையில் நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். பத்து நாற்பத்தேழுக்கு விரல்கள் மெல்ல உள்பக்கம் துள்ளின. ஒரு முறை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு கை கிடந்தது.

"இப்ப நாலு நிமிசம் இருக்கு" என்றாள் பிரகாசி. "அதுக்குள்ள ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. சங்கு குளிக்கப் போறது பாத்திருக்கியளா?"

"இல்லக்கா. எனக்குக் கோவில்பட்டி. கடலே வருசத்துக்கு ஒரு தடவதான்."

"வள்ளத்துல எஞ்சின வச்சுக் குழாய் வழியா காத்து அனுப்புவாவ. குளிக்கிற ஆளு இடுப்புல கயிறு. கயித்தோட மறு முனை மேல இருக்கிறவன் கையில. அந்த மேல இருக்கிறவன் மச்சானாத்தான் இருப்பான். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். வேற ஆருகிட்டயும் குடுக்க மாட்டாவ. சொந்த அண்ணன் தம்பி கையில கூடக் குடுக்க மாட்டாவ."

"ஏன்?"

"அண்ணன் தம்பி கயித்த விட்டா வள்ளம் அவனுக்கு வரும். மச்சான் விட்டா அவன் அக்காதான தாலியறுக்கணும். அதனால மச்சான் விட மாட்டான்." மேசையில் கிடந்த கையைப் பார்த்தாள். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க மேல இருக்கிறவன் ஒரு இழுப்பு இழுத்துக் கேப்பான். கீழ உள்ளவரு ஒண்ணு இழுத்து, நல்லா இருக்கேன்னு பதில் சொல்லுவாரு. ரெண்டு இழுப்பு வந்தா ஒரே அர்த்தந்தான். தூக்கு."

தையல் எந்திரம் எப்போது நின்றது என்று செண்பகவல்லி கவனிக்கவில்லை. பத்து ஐம்பத்தொன்றுக்குப் பிரகாசியின் கை முறுக்கிக்கொண்டு மூடியது. முன்கையில் புடைத்த தசை தோலுக்கு அடியில் கயிறு கயிறாக ஓடியது. இழு, பிடி, இழு, பிடி. மேசை அவள் பக்கமாக நகர்ந்தது. அவள் மறு கையால் மேசையின் காலைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நொடி. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"எங்க வீட்டுக்காரர் கஸ்பார் ஆறு வருசத்துக்கு முன்னால கடல்ல செத்துப்போனாவ. எஞ்சின் புகை குழாய்க்குள்ள போயிட்டுன்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. அன்னைக்குக் கயிறு பிடிச்சது என் தம்பி தொம்மை. அந்த வாரந்தான் ஒரு கம்பெனிக்காரவுக வந்து கயிறு பிடிக்கிறவங்க கையில எல்லாம் பட்டை மாட்டி விட்டிருந்தாவ. குடும்பத்துல ஆருக்காவது பின்னால தசை தேவைப்பட்டா முதல்ல குடுப்போம்னு சொல்லியிருந்தாவளாம். போன வருசம் எனக்குக் குடும்ப ஒதுக்கீட்டுல குடுக்கோம்னு கடிதம் வந்திச்சு. எங்க குடும்பத்துல அந்தப் பட்டையப் போட்டவன் ஒருத்தன்தான் இருக்கான்."

பதிவு யாருடையது என்று செண்பகவல்லி சொல்லக் கூடாது. சொல்லவில்லை. பிரகாசி அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

"அவன் சிலுவையைத் தொட்டுச் சொன்னான், இழுப்பே வரலக்கான்னு. இவுக இழுக்காம இருக்கிற ஆளு இல்ல. இருபது வருசம் குளிச்சவுக. அன்னையில இருந்து அவன் இந்த வாசல் ஏறல. இப்ப இவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். தாய்மாமன் இல்லாமலா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ, மன்னிச்சு விடுன்னு சாமியார் சொல்லுதாரு. நான் மன்னிக்க மாட்டேன்னா சொன்னேன்? இழுப்பு வந்திச்சு, நான் தூங்கிட்டேன், குடிச்சிருந்தேன், எவகூடயோ போன்ல பேசிக்கிட்டிருந்தேன், எதையாவது சொல்லட்டும். வரலன்னு சொல்லாதன்னுதான் சொல்லுதேன்."

"அம்மா" என்றாள் ஜெசிந்தா.

"நீ தைளா." பிரகாசி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆறு வருசமா வரலன்னு சொன்ன இழுப்பு அவன் கையிலதான இருந்திருக்கு? அதைத்தான நீங்க எடுத்து எனக்கு வச்சிருக்கிய? வந்திச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அதை அவன் முன்னால வைக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

*

மேலாளர் பூதலிங்கம் புகாரை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"ரெட்டைத் துடிப்புதான? அது நம்ம கருவி போடுறது. பட்டை ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாக்க அரை மணிக்கொரு தடவ சரிபார்ப்புத் துடிப்பு போகும்ல. பதிவைச் சுத்தம் பண்ணும்போது ஒண்ணு விட்டுப்போயிருக்கும். அப்படியே எழுதி மூணு பேருக்கும் அனுப்பும்மா. ஆறு வாரம் வேற பதிவு ஓட்டிச் சரி பண்ணிரலாம்."

செண்பகவல்லியும் பேருந்தில் வரும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். நினைத்தபோது ஒரு நிம்மதிகூட வந்திருந்தது. இழுப்பு வரவே இல்லை, அது கருவி என்று அந்த அக்காவிடம் சொல்லிவிடலாம். தம்பி உண்மையைத்தான் சொன்னான் என்று ஆகிவிடும்.

அன்று பிற்பகல் சுத்தம் செய்யாத மூலப் பதிவைத் திறந்தாள். கருவியின் குறிப்பேட்டில் சரிபார்ப்பு நேரங்கள் வரிசையாக இருந்தன: ஒன்பதே கால், ஒன்பதே முக்கால், பத்தே கால், பத்தே முக்கால். பத்து நாற்பத்தேழு இல்லை. பத்தே முக்காலுக்கு வந்த கருவித் துடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டு மின்வாயிலும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் விழுந்தது, வெட்டி வைத்த செங்கல் மாதிரி. இரண்டு நிமிடம் தள்ளி வந்தது அப்படி இல்லை. முதலில் விரல் மடக்கும் தசை, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கழித்து மணிக்கட்டு, அதன் பிறகு புயத்தின் ஓரம். விரல் நுனியில் தொடங்கி உடம்பை நோக்கி ஏறிய அலை. வெளியிலிருந்து எதுவோ அந்தக் கையை இழுத்திருக்கிறது.

பூதலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெருங்கிப் பார்த்தார்.

"அப்ப அந்த ஆளுக்கு இழுப்பு தெரிஞ்சிருக்கு."

"தசைக்குத் தெரிஞ்சிருக்கு சார். முழங்கால்ல சுத்தியலால தட்டினா கால் தானா எழும்புதுல்ல, அது மாதிரி. தசையை இழுத்தா அது தானா திருப்பி இழுக்கும். செய்தி முதுகுத் தண்டு வரைக்கும் போயிட்டு அங்க இருந்தே திரும்பிரும். மூளை கவனிச்சுதாங்கிறது தனிக் கேள்வி."

"கவனிச்சா எப்படித் தெரியும்?"

"கவனிச்சா அடுத்த நொடியே பிடி இறுகும். இங்க பாருங்க. இறுகல. ஒரு சின்ன அசைவோட அப்படியே தளந்திருச்சு."

பேசிக்கொண்டே முந்தைய நாட்களின் பதிவுகளையும் விரித்தாள். தூ-17 பட்டை மாட்டிய முதல் நாளில் ஒவ்வொரு கருவித் துடிப்புக்கும் கை திடுக்கிட்டிருந்தது. துடிப்பு வந்ததும் பிடி இறுகி, கயிறு அசைந்து, பிறகு தளர்ந்திருந்தது. இரண்டாம் நாள் பாதி நேரம் அப்படி. நான்காம் நாள் எப்போதாவது. ஐந்தாம் நாள் முழுவதும் துடிப்பு வரும், கை கண்டுகொள்ளாது. ஒரு கை ஒன்றைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகியது திரையில் கோடு கோடாகத் தெரிந்தது. விபத்து ஆறாம் நாள்.

பூதலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். "நம்ம பக்கம் இருந்து என்ன சொல்லி மாட்டி விட்டாங்க?" என்றார்.

செண்பகவல்லிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது பட்டையோடு கொடுக்கும் விளக்கத் தாளைத் தமிழில் எழுதும் வேலை அவளிடம்தான் வந்தது. எளிமையாக, யாருக்கும் புரிகிற மாதிரி எழுது என்றார்கள். எழுதி முடித்ததும் பாராட்டினார்கள். சரிபார்ப்புத் துடிப்பு ஒன்றாக இருக்கலாமா இரண்டாக இருக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ஒன்று என்றால் சும்மா நரம்பு துடித்தது என்று நினைத்துக்கொள்வார்கள், இரண்டு என்று வைத்தால் தெளிவாக இருக்கும் என்று சொன்னதும் அவள்தான்.

*

தொம்மை கடலை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மீளவிட்டான் சாலையில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் வேலை செய்தான். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத தடித்த முன்கைகள். செண்பகவல்லி தான் எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னதும் டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தான்.

"பட்டைக்காகவா வந்திய? அதை அன்னைக்கே கழட்டி ஏஜென்டு கையில குடுத்துட்டேனே."

"பட்டையைக் கேட்டு வரலண்ணே. அப்ப குடுத்த தாள்ல என்ன போட்டிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. தூங்கும்போது கழட்டி வைக்கணும்." விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு வந்தான். "கையில ரெட்டைத் துடிப்பு வந்தா அது கருவியினுடையது. பொருட்படுத்த வேண்டாம்."

அவள் எழுதிய வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல் இருந்தது.

"அன்னைக்குத் துடிச்சுதா?"

"துடிக்கத்தான் செஞ்சிச்சு. அரை மணிக்கொருக்க துடிக்கும். முக்காலுக்கு வந்திச்சு. நாப்பத்தாறுக்கு நான் ஒண்ணு இழுத்துக் கேட்டேன், நல்லா இருக்கேன்னு மச்சான் ஒண்ணு இழுத்துச் சொன்னாவ. அவுக இழுப்பு தோள் வரைக்கும் ஏறும், கையப் பிடுங்குத மாதிரி. அது கழிச்சுப் பட்டை மறுபடி ஒருக்கத் துடிச்சிச்சு. இப்பத்தான முக்காலுக்குத் துடிச்ச, அதுக்குள்ள என்னன்னு நான் அதுகிட்ட..."

நிறுத்தினான். சாலையில் உப்பு லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அவன் தன் வலது கையைப் பார்த்தபடி நின்றான்.

"லேசாத்தான் இருந்திச்சு" என்றான். "பூனை தொட்ட மாதிரி."

"புகை உள்ள போனா கையில பலம் இருக்காதுண்ணே."

"ஐம்பத்தொண்ணுக்குக் கேட்டேன். பதில் வரல. பிறகுதான் இழுத்தேன். பத்துப் பாகம் ஆழம். ஒரு மூச்சுல இழுத்தேன்." குரல் உயரவில்லை. "அக்காகிட்ட நான் பொய் சொல்லல. வரலன்னுதான் நெனச்சேன். இம்புட்டு நாளா வரலன்னுதான் நெனச்சேன்."

முதலாளி உள்ளேயிருந்து, "என்னடே, டயர் தானா ஒட்டிக்கிடுமா?" என்றார். தொம்மை குழாயைத் திறந்து கையைக் கழுவினான். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், மறுபடியும் கழுவினான்.

"அக்கா வீட்டுக்குத்தான போறிய?" என்றான். "நானும் வாரேன். வாசல்ல நிக்கேன்."

*

வாசலில்தான் நின்றான். ஜெசிந்தா மாமாவைப் பார்த்துவிட்டு எழுந்தாள், அம்மாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மணி பத்து இருபது.

செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் பதிவைப் பற்றி, பிறகு கருவித் துடிப்பைப் பற்றி, முதல் நாள் திடுக்கிட்ட கை ஐந்தாம் நாள் பழகிப்போனதைப் பற்றி. கடைசியில் செண்பகவல்லி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீங்க கேட்ட மாதிரி, இழுப்பு வந்துச்சுன்னு எழுதிக் கொண்டு வந்திருக்கேன்க்கா. அதோட இதையும் கொண்டு வந்தேன். இந்தத் தாளை எழுதினது நான்."

பிரகாசி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். மெதுவாக வாசித்தாள். பெரிய எழுத்து, சின்னச் சின்ன வாக்கியம்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணுன்னா சாதாரணத் துடிப்புன்னு விட்டுருவாங்கன்னு. ரெண்டுன்னா தெளிவாத் தெரியும்னு."

"எங்கள்ல ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தா மூணுன்னு வைக்கச் சொல்லியிருப்போம்."

செண்பகவல்லி திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டு வரவில்லை. பிரகாசி தாளை நான்காக மடித்து, மாதா படத்துக்கும் கஸ்பார் படத்துக்கும் நடுவில் இருந்த ஆணியில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை எடுத்துரலாம்க்கா" என்றாள் செண்பகவல்லி. "ஆறு வாரம். தினம் ரெண்டு மணி நேரம் வேற ஒருத்தர் பதிவைக் கேக்க வச்சா மறந்துரும். கை அப்படியே இருக்கும், இது மட்டும் போயிரும்."

"வேற ஆளுகளுக்கும் இருக்காம்ல?"

"அறுபது பேரு. எல்லாத்துக்கும் எடுக்கணும்னு எழுதிக் குடுத்துட்டேன். காரணத்தையும் எழுதியிருக்கேன்."

"அவங்களுக்கு எடுங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்." பிரகாசி வலது கையை இடது கையால் மூடினாள். "இது இருக்கட்டும். அவுக கடைசியாப் பேசினது இது. அறுபது இடத்துலயும் அழிச்சிட்டா, ஒரு இடத்துலயாவது இருக்க வேண்டாமா?"

பிறகு தலையைத் திருப்பாமல், வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏல தொம்ம. வெயில்ல என்னத்துக்கு நிக்க?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உட்கார இடம் இருந்தும் உட்காராமல் நின்றான். பிரகாசி மேசையில் கையை நீட்டி, "பிடி" என்றாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பத்தே முக்காலுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கருவித் துடிப்பைத்தான் மென்பொருள் சுத்தமாகத் துடைத்திருந்தது. நாற்பத்தாறு. பிறகு அந்த விரல்கள் மெல்ல உள்பக்கம் துள்ளின. இன்னொரு முறை துள்ளின.

தொம்மை இழுத்தான். யோசித்துச் செய்யவில்லை. அவன் உடம்பு முழுவதும் ஒரே வீச்சில் பின்னால் சாய்ந்தது, பிரகாசி நாற்காலியோடு இழுபட்டு அவன் மேல் வந்து விழுந்தாள், மேசை கவிழ்ந்தது. ஜெசிந்தா ஓடிவந்தாள். பிரகாசி அவளைக் கையமர்த்தினாள். தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வந்திச்சா?"

"வந்திச்சுக்கா."

"மெஷின் மாதிரியா இருக்கு?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். வாய் கோணியது. அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கிற மாதிரியே தட்டினாள். பிறகு கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"இங்க வாங்க" என்று செண்பகவல்லியைக் கூப்பிட்டாள். "நீங்களும் பிடிங்க."

செண்பகவல்லி கையைக் கொடுத்தாள். பிரகாசியின் உள்ளங்கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் போயிருக்கும். யாரும் மேசையை நிமிர்த்தவில்லை. ஜெசிந்தா கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். தெருவில் ஒருத்தி நண்டு, நண்டு என்று கூவிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தாள். தொம்மை கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். இதுவரை இந்த நான்கு நிமிடத்தைத் திரையில் ஒரு விரல் நீளக் கோடாகத்தான் அவள் பார்த்திருந்தாள். அது எவ்வளவு நேரம் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒருவரைத் தூக்கி மேலே கொண்டுவந்து, படகில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் இருமி எழுந்து உட்காரும்வரைக்கும் போதுமான நேரம்.

பத்து ஐம்பத்தொன்றுக்குக் கை மூடியது. அவளுடைய விரல்களை இறுகப் பிடித்தது. இழுத்தது.